பூச்சி அரிக்காத பல்லுக்கு எதற்கு பிரஷ்?

போன மாதம் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். மேல்தாடையில் நான்கு இம்ப்ளாண்ட் வைத்து, அதன்மேல் முழுப் பல்வரிசையையும் திருகிப் பொருத்தி இரண்டு வருடம் ஆகிறதாம். பல்செட் கழன்று விழுந்து அவதிப்பட்டவர், இப்போது மட்டன் வறுவலையும் விடுவதில்லை.

"வலி ஒண்ணும் இல்ல டாக்டர். வாய் நாறுதுன்னு இவங்கதான் இழுத்துட்டு வந்துட்டாங்க."

பல் விளக்குகிறீர்களா என்று கேட்டேன். "அது பொய்ப் பல்லுதானே, பூச்சி அரிக்காதே!" என்று சிரித்தார்.

பல்லை அரிக்காது, உண்மைதான். ஆனால் பல்வரிசைக்கும் ஈறுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே அழுக்கு தங்கினால் ஈறு வீங்கும். பிறகு இம்ப்ளாண்டைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். சொந்தப் பல்லைப் போல ஆடியோ வலித்தோ இம்ப்ளாண்ட் சீக்கிரம் எச்சரிக்காது. எலும்போடு நேராக ஒட்டியிருப்பதால், எலும்பு நிறையக் கரைந்த பிறகும் அசையாமல் நிற்கும். பெரும்பாலும் நாற்றமும் ரத்தக் கசிவும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் படிவம், நடுவே ஒரு மீன் முள். எக்ஸ்ரேயில் ஓர் இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு இறங்கியிருந்தது. அவருக்கு இனிப்பு நீர் வேறு, சிகரெட்டையும் விடவில்லை. போன எலும்பு தானாகத் திரும்பாது. 1965இல் ஸ்வீடனில் டாக்டர் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு வைத்த இம்ப்ளாண்டுகள், அந்த மனிதர் இறக்கும்வரை 40 வருடம் உழைத்தன. இவருடையது இரண்டே வருடத்தில் இந்தக் கதி.

மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தைக் காலையும் இரவும் தேய்க்க வேண்டும். உப்பும் கரித்தூளும் வேண்டாம், பல்லில் கீறல் விழும். இடுக்குக்கு சூப்பர் ஃப்ளோஸ் என்ற நூல் இருக்கிறது. அதன் விறைப்பான முனையைக் கன்னப் பக்கமிருந்து உள்ளே கோர்த்து, பஞ்சு போன்ற பகுதியால் அடிப்பக்கத்தையும் ஒவ்வோர் இம்ப்ளாண்டைச் சுற்றியும் துடைக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் கருவி நல்லதுதான். ஆனால் ஒட்டிய படிவத்துக்கு அது மட்டும் போதாது.

பெரியவரின் விரல்களுக்கு நூல் பிடிபடவில்லை. மூன்று தடவை நழுவியது. அம்மா என் கையிலிருந்து வாங்கி ஒரே தடவையில் கோர்த்துவிட்டார். முப்பது வருடம் ரவிக்கை தைத்தவராம். மூன்று மாதம் கழித்து இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.