பல்லைப் பிடுங்கமுன் தாடையைத் தொட்டுப் பாருங்கள்

காதுக்கு முன்னால் வலி என்றால் நம்மவர்கள் இரண்டு முடிவுக்குத்தான் வருவார்கள்: ஒன்று காதுக்குத்து, மற்றது சூத்தைப் பல். காதுக்குள் எண்ணெய் விடுவார்கள். அது கேளாவிட்டால் கொடுப்புப் பல்லைப் பிடுங்குவிப்பார்கள். பிறகும் வலித்தால் அடுத்த பல். இவ்வாறு நல்ல பற்களை இழந்தவர்களைப் படுவான்கரையில் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒன்று அசைவது தெரியும். கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டு அது. நடுவே மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அது இடம் விலகினால் 'டிக்' என்று சத்தம் வரும். 1934 இல் அமெரிக்காவில் கொஸ்டன் என்ற காது வைத்தியர், காதடைப்பு, காதிரைச்சல் என்று வந்தோரில் சிலருக்குக் குறை இந்த மூட்டிலேயே இருப்பதாக எழுதினார். அவர் சொன்ன காரணம் பின்னர் கைவிடப்பட்டது. ஆனாலும் காதும் தாடையும் ஒன்றுபோல் மயக்குவது இன்றும் உண்மை.

காலையில் தாடை இறுகியிருத்தல், நெற்றிப் பொட்டில் வலி, மெல்லும்போது கன்னம் களைத்தல், கொட்டாவி விடுகையில் தாடை கொழுவுதல், வாய் திறக்கையில் ஒரு பக்கம் கோணுதல் ஆகியன இதன் அறிகுறிகள். வலியற்ற வெறும் சத்தம் பலருக்கும் உண்டு; அதற்கு மருந்து வேண்டாம்.

முக்கிய காரணங்களுள் ஒன்று, அறியாமலே பல்லைக் கடித்தல். இரவில் பிள்ளை பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்கிறோம். பெரியவர் கடித்தால்? 1990 இல் ஊரை விட்டு ஓடியவர்கள், 2006, 2007 இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து மூட்டை முடிச்சுடன் நடந்தவர்கள், இன்று காணி உறுதி, கடன், வயலுக்குள் யானை என்று நித்திரையின்றிக் கிடப்பவர்கள் பல்லைக் கடிப்பதில் என்ன வியப்பு? குரோவேசியாவில் போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்ட முன்னாள் போர்வீரரிடம் இந்த மூட்டுக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டதென அங்குள்ள பல் வைத்தியர்கள் 2003 இல் எழுதியுள்ளனர். ஆகவே "அது மனக்குறை" என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மனதின் பாரம் காரணமானாலும் வலி மெய்யான வலியே.

பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். கஞ்சி, குழைத்த சோறு உண்ணுங்கள். கச்சானையும் பாக்கையும் விடுங்கள். சுடுநீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். பகலில் உதடு மூடியிருக்கலாம். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது.

ஆனால் எல்லா இறுக்கமும் மூட்டு நோயல்ல. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். வெற்றிலை போடுபவருக்கு அவை நுழையாமல், உறைப்புப் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் தடித்தால் தாமதிக்கக் கூடாது. இதைச் செய்வது பாக்கு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும். நம் நாட்டு ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. இதைச் சொன்னால் எங்கள் ஆச்சிமார் கோபிப்பார்கள், தெரியும்!

வயலில் காலில் வெட்டுப்பட்டுச் சில நாட்களில் தாடை இறுகினால் அது ஏற்புவலியாக இருக்கலாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, தாடைக்கு வலி ஏறினால் அது மாரடைப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே வைத்தியசாலை. திறந்த வாய் மூட முடியாமல் நின்றாலும் அப்படியே. வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

வைத்திய முகாம் நடத்தும் எங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பல் பிடுங்க வரிசையில் நிற்பவரிடம், ஊசி போடமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: வாய் எவ்வளவு திறக்கிறது? இரவில் நித்திரை வருகிறதா? கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது, எதை மெல்லும்போது கூடுகிறது, எத்தனை பனடோல் போட்டீர்கள் என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்.