காணிக்கையில் வந்த பழைய காசு



சில வாரங்களுக்கு முன், ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும் அறையில் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஐயா, காணிக்கைச் சில்லறையில் பழைய பென்னி ஏதாவது கண்ணில் பட்டால் அதை எடுத்துக்கொண்டு என் பையிலிருந்து வேறொரு பென்னியைப் போட்டுவிடுகிறேன். கணக்கு குறையாது. இதில் தவறு ஒன்றும் இல்லையே?" நான் அப்போது மருத்துவமனையில் ஒருவரைச் சந்திக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு சென்ட்டை எடுத்து ஒரு சென்ட்டை வைத்தால் என்ன தவறு?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அறையில் இருந்த மற்ற நால்வரும் அதைக் கேட்டார்கள். நான் சொன்னது தவறு என்று இப்போது உணருகிறேன். போதகர் பலர் முன்னிலையில் சொன்னதைத் தனிமையில் திருத்திக்கொள்வது போதாது. ஆகையால் இவ்வாரத் தியானத்தை இதற்கே ஒதுக்குகிறேன். அந்தச் சகோதரரைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. மறைவாய்ச் செய்யக்கூடிய ஒன்றை வாய்திறந்து கேட்டவர் அவர்.

இந்தப் பொழுதுபோக்கைப்பற்றி எனக்கு அதிகம் தெரியாதிருந்தது. அவரே பிறகு விளக்கினார். வங்கியில் 50 பென்னிகளைக் காகிதத்தில் சுற்றிய ரோல்களாகத் தருகிறார்கள். அப்படி 50 ரோல்கள் அடங்கிய ஒரு பெட்டியின் விலை 25 டாலர். அதில் 2,500 காசுகள். இரவு உணவுக்குப்பின் மேசைமேல் துணி விரித்து, ஒவ்வொரு ரோலையும் பிரித்து, ஆண்டையும் அதன்கீழுள்ள சிறு எழுத்தையும் பார்க்கிறார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்த எண்ணிக்கைக்கு வேறு காசுகளை வைத்து, மீதியை வேறொரு வங்கியில் கொடுத்துவிடுகிறார்கள். எடுத்த வங்கியிலேயே கொடுத்தால் பார்த்த காசுகளே மறுபடியும் தம் கைக்கு வந்துவிடுமாம்!

அவர்கள் தேடுவது எவை? 1909 முதல் 1958 வரை அச்சிடப்பட்ட லிங்கன் பென்னியின் பின்புறத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சில சென்ட்டுகளே பெறும். ஆனால் அந்த முதல் ஆண்டிலே, காசை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் பின்புறத்தில் பொறித்திருந்தார். விளம்பரம்போலத் தெரிகிறது என்று முறையீடு எழவே, சில நாட்களிலேயே அவை நீக்கப்பட்டன. அதற்குள் சான்பிரான்சிஸ்கோ சாலையில் அச்சானவை 4,84,000 மாத்திரமே. இன்று ஒவ்வொன்றும் பல நூறு டாலர் பெறும். 1943-இல் யுத்தத்திற்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய எஃகில் பென்னி அடித்தார்கள். காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆண்டில் தவறுதலாய்ச் செம்புத் தகட்டில் விழுந்த சில காசுகளுக்காக மனிதர் பெருந்தொகை கொடுத்திருக்கிறார்கள். 1982-இன் இடையிலே காசின் உலோகமே மாறிற்று: அதற்கு முந்தியது 95 விழுக்காடு செம்பு, எடை 3.11 கிராம், பிந்தியது செம்புப் பூச்சுள்ள துத்தநாகம், 2.5 கிராம். மேசைமேல் போட்டால் பழையது கணீரென்று ஒலிக்கும். புதியது மந்தமாக விழும். போட்டுக் காட்டினார், எனக்கே வித்தியாசம் தெரிந்தது. (பழைய காசு கிடைத்தால் புளியிட்டுத் துலக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். நம் வீட்டு வழக்கம் அது. ஆனால் துலக்கிய காசுக்கு மதிப்புப் போய்விடுமாம்.)

இப்போது இந்தத் தேட்டம் கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பென்னியைச் செய்ய 2024-ஆம் நிதியாண்டில் 3.69 சென்ட் செலவாயிற்று. 2025 நவம்பர் 12-ஆம் நாள் பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்திற்கான கடைசிப் பென்னிகள் அச்சாயின. ஏற்கெனவே உள்ளவை செல்லும். ஆனால் இனி புதியவை வாரா. வாராது என்று அறிந்தவுடன் அதுவரை கீழே கிடந்தாலும் குனிந்து எடுக்காத மனிதன் ஜாடி ஜாடியாகச் சேர்க்கத் தொடங்குகிறான்.

வங்கி ரோலைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிலர் அதை பேராசை என்றும், அறியாதவனிடத்தில் மலிவாய் வாங்கும் தந்திரம் என்றும் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. வங்கி எல்லாருக்கும் அதே விலைக்குத்தான் கொடுக்கிறது. தேடிப்பார்க்க அதற்கும் உரிமை உண்டு, தேடாமல் விடவும் உண்டு. வாங்குகிறவன் தன் பணத்தையும் தன் இரவுகளையும் செலவழிக்கிறான்; பத்துப் பெட்டிகளில் ஒன்றும் கிடைக்காமலும் போகிறது. திருப்பிக் கொடுக்கும் ரோலில் 49 காசை வைத்து 50 என்று சுற்றுகிறவன் மாத்திரம் திருடன். அதற்கு விளக்கவுரை தேவையில்லை. மனைவி பிள்ளைகள் உறங்கப்போனதும் அறியாமல் நள்ளிரவுவரை பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தால், அது வேறொரு நாளில் பேசவேண்டிய காரியம்.

காணிக்கைத் தட்டு அப்படியல்ல. இங்கேதான் நான் சறுக்கினேன். வங்கியின் மேசைக்கு முன் நிற்கிறவன் வாங்குகிறவன். காணிக்கை மேசைக்குப் பின் உட்கார்ந்திருக்கிறவன் உக்கிராணக்காரன். அந்தக் காசு விற்பனைக்கு வைக்கப்பட்டதல்ல; ஆண்டவருக்கென்று கொடுக்கப்பட்டாயிற்று. எண்ணும்படி நம்பி ஒப்புவிக்கப்பட்ட கைகள், அதை வாங்கும் கைகளாகவும் இருக்க முடியுமா? அதுவும் விலையைத் தானே குறித்து, தானே சம்மதித்து?

உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில், ஒரே பையில் பெரிதும் சிறிதுமான இரண்டு எடைக்கற்களை வைத்திருக்கக்கூடாது என்று மோசே கட்டளையிடுகிறார். அதை நாம் கடைக்காரருக்குரிய வசனம் என்று எண்ணிக் கடந்துபோகிறோம். சபைக்கு ஈடுகொடுக்கும்போது அந்தக் காசு ஒரு சென்ட். என் ஆல்பத்தில் நுழைந்தவுடன் அதுவே மூன்று டாலர். இரண்டு கற்களும் ஒரே பையில்தான் இருக்கின்றன. "ஒரு சென்ட்டுக்கு ஒரு சென்ட்" என்று நான் சொன்னபோது சிறிய கல்லை மாத்திரம் பார்த்தேன்.

இதைக் கேட்ட ஒருவர், நிலத்திலே புதைந்த பொக்கிஷத்தின் உவமையை எனக்கு நினைப்பூட்டினார். அந்த மனிதனும் பொக்கிஷத்தைக் கண்டு, நிலத்தின் சொந்தக்காரனிடம் சொல்லாமல்தானே வாங்கினான் என்றார். நியாயமான கேள்வி. மத்தேயு 13-இல் ஆண்டவர் நில வியாபார ஒழுங்கைப் போதிக்கவில்லை. ராஜ்யத்தின் மேன்மையைப் போதிக்கிறார். ஆனாலும் உவமையை அதன் எழுத்தின்படியே எடுத்துக்கொள்ளுவோம் என்றால், அவன் தனக்கு உண்டான எல்லாவற்றையும் விற்றான். நாம் கொடுப்பது ஒரு பென்னி.

லூக்கா 15-இலும் ஒரு தேடல் உண்டு. ஒரு ஸ்திரீ தன் பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்தபோது விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடினாள். அந்தத் திராக்மா ஏறக்குறைய ஒரு நாள் கூலி. கண்டுபிடித்தவுடன் அவள் அண்டை வீட்டாரை அழைத்தாள் என்பதை நாம் எளிதாய்க் கடந்துவிடுகிறோம். வங்கி ரோலில் அபூர்வமான காசைக் கண்ட சகோதரர் அன்றிரவே நண்பர்களைத் தொலைபேசியில் அழைக்கிறார். எனக்கே ஒருமுறை படம் அனுப்பினார். காணிக்கையில் எடுத்ததைக் குறித்து அப்படி யாரையும் அழைத்தாரா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"அற்பமான ஒரு சென்ட்டுக்கு இத்தனை வார்த்தைகளா?" என்று கேட்பீர்கள். எருசலேம் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் உட்கார்ந்து, ஜனங்கள் காசு போடுவதைக் கவனித்தார். ஏழை விதவை போட்ட இரண்டு காசுகள் அன்று புழங்கியவற்றில் மிகச் சிறியவை. அதே வகைச் சிறு செப்புக்காசுகளை இன்று சேகரிப்போர் பல டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அவள் கொடுத்ததின் அளவை ஆண்டவர் எந்த விலைப்பட்டியலைக் கொண்டும் மதிப்பிடவில்லை. அவள் தன் ஜீவனத்தையே போட்டாள் என்றார். ஆகவே கொடுத்தவர் யார், எந்த நிலையில் கொடுத்தார் என்று விசாரியாமல் காசை மாற்றுவது, அவருடைய காணிக்கையில் கைவைப்பதே.

இதை எழுத என்னைத் துணியச் செய்தது இன்னொரு காரியம். நம் சபையின் தாயார் ஒருவர், கணவர் மறைந்தபின், அவர் அலமாரியில் வைத்திருந்த கண்ணாடி ஜாடியை அப்படியே கொண்டுவந்து காணிக்கையாகப் படைத்தார். முப்பது ஆண்டுகளுக்குமேலாக வேலையிலிருந்து திரும்பியதும் சட்டைப்பையிலுள்ள சில்லறையை அவர் அதில் போடுவாராம். சகோதரர் மாற்றிக்கொண்ட காசுகளில் பதினொன்று அந்த ஜாடியிலிருந்து வந்தவை. பத்தில் கோதுமைக் கதிர்கள். மற்றது கதிரோடு எஃகும் சேர்ந்த 1943. எல்லாம் சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது.

சகோதரர் சென்ற புதன்கிழமை அவற்றை ஒரு உறையில் வைத்து, நான் கேளாமலே, என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். நான் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லி, என் பதிலின் பிழையையும் அறிக்கையிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அவருக்குக் காசைப்பற்றி ஒன்றும் தெரியாது ஐயரே, பை கனக்கிறது என்றுதான் அதில் கொட்டுவார்" என்று சிரித்தார். பிறகு சற்று நிறுத்தி, "அந்த வெள்ளை நிறக் காசை மட்டும் நான் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டார்.

இனி காணிக்கையில் பழைய காசு தென்பட்டால், எண்ணுகிறவர்கள் இருவர் சாட்சியாகத் தனி உறையில் எடுத்துவைப்பார்கள். மதிப்பு விசாரித்தபின் விற்பதா வைத்திருப்பதா என்பதைச் சபைக் கமிட்டி தீர்மானிக்கும். வாங்க விரும்புகிறவர் சந்தை விலையைக் கொடுத்து வாங்கலாம். எண்ணுகிறவரும் வாங்கலாம், ஆனால் விலையைக் குறிக்கிறவர் வேறொருவராய் இருக்கவேண்டும். தாயார் வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் போதகர் அறைக்கு வருவார். சகோதரர் தம் பூதக்கண்ணாடியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஊழியன்,
போதகர்