தேர்ச்சிப் புள்ளியைக் குறைத்து ஓடவிட்ட தொடருந்து

ஒட்டாவாவில் இரண்டு தமிழர் சந்தித்தால் முன்பெல்லாம் குளிரைப் பற்றித்தான் பேச்சுத் தொடங்கும். 2019 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அந்த இடத்தைத் தொடருந்து பிடித்துக்கொண்டது. "இண்டைக்கு ஓடுதோ?" என்பதே முதற் கேள்வி. ஒரு நாட்டின் தலைநகரில், 210 கோடி டொலர் செலவில் அமைக்கப்பட்ட இலகு தொடருந்துப் பாதையைப் பற்றி மக்கள் இப்படிக் கேட்கவேண்டிய நிலை ஏன் வந்தது?

நகர நிருவாகத்திடம் இதற்கு ஆயத்தமான விடைகள் சில இருந்தன. புதிய அமைப்பு என்றால் தொடக்கத்தில் கோளாறுகள் வரும் என்றார்கள். பயணிகள் கதவைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றார்கள். கனடாவின் குளிர்காலம் கொடியது என்றார்கள். ஒட்டாவாவில் பனி பொழியும் என்பது 2019 இல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியா என்ன? இவை யாவும் சப்பைக்கட்டுகள். நோய் எங்கே இருக்கிறது என்பதை ஒரு பொறியியல் பட்டதாரியாகவும், இருபது ஆண்டுகளாக மென்பொருள்களைச் சோதித்துக் கையளிக்கும் தொழிலில் இருப்பவனாகவும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. இத்தொடருந்து வருவதற்கு முன் இந்நகரம் பேருந்தை நம்பி வாழ்ந்தது. 1983 முதல் பேருந்துகளுக்கென்றே தனிப்பாதை அமைத்து, அல்பேட், சிலேற்றர் வீதிகளின் வழியே நகர மையத்துக்குள் அவற்றை ஓடவிட்டார்கள். அதிலும் நெரிசல் உண்டு, தாமதம் உண்டு. ஆயினும் ஒரு பேருந்து பழுதுபட்டு நின்றால் பின்னால் வருவது அதனை விலத்திக்கொண்டு போய்விடும். தண்டவாளத்தில் அது நடவாது. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். புதிய பாதையோ 12.5 கிலோமீற்றர், 13 நிலையங்கள். நகர மையத்தில் அது நிலத்தடிச் சுரங்கத்துக்குள் ஓடுகிறது. முன்பு புறநகரிலிருந்து நேரே அலுவலக வாசலில் இறங்கியவர்கள் இப்போது ரன்னிஸ் பாஸ்ச்சர், ஹேர்ட்மன், பிளேயர் நிலையங்களில் இறங்கித் தொடருந்துக்கு மாறியே ஆகவேண்டும். மாற்றுவழியை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே வாசலால் போகச் சொல்பவன், அந்த வாசல் அடைபடாது என்பதை முதலில் உறுதிசெய்யக் கடமைப்பட்டவன்.

நடந்தது என்ன? 2019 செப்டெம்பர் 14 இல் பாதை திறக்கப்பட்டது. சமாந்தரமாக ஓடிய பேருந்துகள் மூன்றே வாரங்களில் நிறுத்தப்பட்டன. அடுத்த சில நாள்களிலேயே கதவுக் கோளாறு காலைநேர நெரிசலில் பாதையைத் திணறடித்தது. யாரோ ஒருவர் மூடுகின்ற கதவைக் கையால் தடுத்தால் அந்தக் கதவு பழுதென அறிவித்துக்கொள்ளும். அதனைச் சரிசெய்யும்வரை வண்டி நகராது. மேடைகளில் கூட்டம் பெருகும். கதவைத் தடுக்கும் பயணி இல்லாத தொடருந்து உலகில் எங்காவது உண்டா? அப்படியான பயணியைக் கருத்திற் கொள்ளாமல் ஓர் அமைப்பைக் கையேற்றுவிட்டுப் பயணிக்கே அறிவுரை சொன்னார்கள். அதன்பின் குளிர்காலம் வந்தது. சக்கரங்களில் தட்டையான தேய்வு விழுந்து வண்டிகள் பட்டறைக்குப் போயின. மேலே செல்லும் மின்கம்பி அறுந்தது. ஓடுவதற்கு வண்டிகள் போதவில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு மென்பொருளை வாடிக்கையாளர் கையேற்பதற்கு முன் ஏற்புச் சோதனை என்று ஒன்று உண்டு. எது நடந்தால் தேர்ச்சி, எது நடந்தால் தோல்வி என்பது சோதனைக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். சோதனையில் தோற்ற பின்னர் தேர்ச்சிப் புள்ளியைக் குறைப்பது எங்கள் துறையில் மோசடிக்கு அடுத்த படி. ஒட்டாவாவில் அதுதான் நடந்தது. 2019 யூலை இறுதியில் சோதனை ஓட்டம் தொடங்கியது. ஓடவேண்டிய தூரத்தில் சராசரியாக 98 விழுக்காட்டை 12 நாள்களுக்குத் தொடர்ந்து ஓடிக்காட்டவேண்டும் என்பது விதி. வண்டிகள் தடுமாறின. பார்த்தார்கள், சோதனையின் நடுவிலேயே விதி மாறியது. 96 விழுக்காடு போதும், 12 நாள்களில் 9 நாள் தேறினால் போதும், நெரிசல் நேரத்தில் 15 வண்டிகளுக்குப் பதில் 13 ஓடினாலும் போதும் என்றாயிற்று. கையளிக்கும் நாள் ஏற்கெனவே பலமுறை தவறிப்போயிருந்தது. 2018 மே மாதத்தில் முடிந்திருக்கவேண்டிய வேலை அது. இன்னொரு முறை தவறுவதை எவரும் விரும்பவில்லை.

96 என்பது புதிதாகக் கற்பித்த எண் அன்று, 2017 இல் எழுதப்பட்ட ஆவணத்தில் இருந்ததுதான் என்று நிருவாகத்தின் பக்கம் நின்றோர் வாதிட்டனர். நல்லது, அப்படியே வைத்துக்கொள்வோம். நியாயமான மாற்றம் என்றால் அதனை ஏன் மறைக்கவேண்டும்? மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த நகரசபை உறுப்பினர்களுக்குச் சோதனையின் மோசமான பெறுபேறுகளும் சொல்லப்படவில்லை, விதி மாறியதும் சொல்லப்படவில்லை. உயர் அதிகாரிகள் சிலரோ வட்ஸ்அப் குழு ஒன்றில் நாளாந்தம் பெறுபேறுகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இது என்னுடைய கற்பனை அன்று. ஒன்ராறியோ அரசு அமைத்த பொது விசாரணையை நடத்திய நீதியரசர் வில்லியம் ஹூரிகன் 2022 நவம்பர் 30 இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளது. நகர நிருவாக முகாமையாளர் வேண்டுமென்றே இத்தகவலைச் சபைக்கு மறைத்தார் என்றும், அது பொதுமக்கள் வைத்த நம்பிக்கைக்குச் செய்யப்பட்ட பாரதூரமான துரோகம் என்றும் அவ்வறிக்கை முடிவுசெய்தது. அந்த முகாமையாளர் அறிக்கை வெளிவருவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பே பதவி விலகிப் போய்விட்டார்.

இது ஒருமுறை நேர்ந்த தவறு என்று நினைப்பவர்கள் அதே ஆண்டு மார்ச் மாதத்தை நினைவுகூர வேண்டும். தெற்கே செல்லும் ரிலியம் பாதையை நீட்டுவதற்கான ஒப்பந்தம் எஸ்என்சி-லவலின் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தொழில்நுட்ப மதிப்பீட்டில் குறைந்தபட்சமாகப் பெறவேண்டிய 70 விழுக்காட்டை அந்நிறுவனத்தின் விண்ணப்பம் எட்டவில்லை. வாக்களித்த உறுப்பினர்களுக்கு அதுவும் சொல்லப்படவில்லை. 2022 இல் திறப்பதாகக் கூறப்பட்ட அப்பாதை 2025 சனவரியில்தான் திறக்கப்பட்டது. ஒரே ஆண்டில் இரண்டு பரீட்சைகள், இரண்டிலும் தேர்ச்சிப் புள்ளி வெறும் ஒப்புக்கு!

விளைவுகளைப் பயணிகள் சுமந்தார்கள். 2021 ஓகஸ்ட் 8 இல் அச்சுத்தண்டின் பேரிங் சிதைந்து ஒரு வண்டி தடம்புரண்டது. அதில் பயணிகள் இருக்கவில்லை. செப்டெம்பர் 19 இல் தடம்புரண்ட வண்டியில் 12 பேர் இருந்தார்கள். தடம் விலகியது தெரியாமலே அந்த வண்டி ரெம்ப்ளே நிலையத்திலிருந்து புறப்பட்டு, வீதியொன்றின் மேலுள்ள பாலத்தையும் கடந்த பிறகே நின்றது. எவருக்கும் காயமில்லை என்பதைக் கடவுளின் கருணை என்பதா, தற்செயல் என்பதா! காரணத்தைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். ஓகஸ்ட் விபத்தை அடுத்துப் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பிய வண்டி அது. பற்சக்கரப் பெட்டியின் ஆணிகள் உரிய அளவு இறுக்கப்படவில்லை. அதன்பின் பாதை 54 நாள்கள் மூடிக் கிடந்தது. 2023 சனவரியில் உறைமழையால் ஆறு நாள்கள் நின்றது. அதே ஆண்டு யூலையில் மீண்டும் பேரிங் சிக்கல், 28 நாள்கள் மூடல்.

வீதியில் ஓடும் தாழ்தள டிராம் வகை வண்டியை வாங்கி, கூர்மையான வளைவுகள் உள்ள பாதையில், நிலத்தடித் தொடருந்துக்குரிய வேகத்தையும் சுமையையும் அதன்மேல் ஏற்றினார்கள். வளைவுகளில் எழும் பக்கவாட்டு விசை அச்சையும் பேரிங்கையும் தின்றது. இந்த வகை வண்டி வட அமெரிக்காவுக்கே புதியது. அப்படியானால் சோதனை கூடவல்லவா இருந்திருக்கவேண்டும்? குறைத்தார்களே!

இதிலே நமக்கு என்ன என்று கேட்கும் நம்மவர்களும் உண்டு. வாகனம் உள்ளவர் கேட்கலாம். வந்து ஆறு மாதமான மாணவனும், இரவுப் பணி முடித்து முதியோர் இல்லத்திலிருந்து வீடு திரும்பும் தாயும் கேட்கமாட்டார்கள். 2024 கோடையில் நெரிசலற்ற வேளைகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றிருந்த சேவை பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. பயணிகள் குறைந்துவிட்டனர் என்று காரணம் காட்டினார்கள். நம்பிக்கை இழந்து விலகியவர்களைக் காட்டியே சேவையைக் குறைத்தால், எஞ்சியிருப்போர் எப்படி நிலைப்பார்கள்? பகல் வேளையிலும் பின்னிரவிலும் பயணம் செய்பவர்கள் யாரென்று ஒருநாள் வண்டியில் ஏறிப் பாருங்கள். நம்முடைய முகங்கள் அங்கே குறைவாக இல்லை.

கோயில் திருவிழாவுக்கு வீதியை மூட அனுமதி கேட்டு நகரசபையின் படியேறத் தெரிந்த நமக்கு, இதற்கும் படியேறத் தெரியவேண்டும். உங்கள் வட்டார உறுப்பினருக்கு எழுதுங்கள். ஆங்கிலம் தடையென்றால் நமது தொண்டர்கள் எழுதித் தருவார்கள். மூன்று கேள்விகள் போதும். புதிதாகக் கையேற்கப்படும் எந்தப் பாதைக்கும் தேர்ச்சி விதிகள் சோதனைக்கு முன்பே பகிரங்கமாக வெளியிடப்படுமா? ஒவ்வொரு நாளின் பெறுபேறும் அன்றன்றே சபைக்கும் மக்களுக்கும் வருமா? ஒரு முழுக் குளிர்காலத்தைத் தொடருந்து தாண்டிக் காட்டும்வரை பழைய பேருந்துகள் ஓடுமா? கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கி எங்களுக்கு அனுப்பிவையுங்கள். பதில் தராதவர்களின் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள்.