கள்ளக் கையொப்பமும் கைவிட்ட பணமும்

பேர் பெற்ற ஆட்ட வீரர் கையொப்பமிட்ட பந்தையோ, அவர் பிடித்தாடிய மட்டையையோ பெரும் பணம் கொடுத்து வாங்கிப் போற்றுவது அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரமாகி நெடுநாளாயிற்று. இதைப் பித்தென்று நகைப்போர் நகைக்கலாம். ஆனால், வாங்கிய பொருள் போலியென்று பிற்பாடு தெரியவந்தால் கொடுத்த பணத்தை மீட்க வழியுண்டா என்பது நகைப்புக்குரிய விஷயமன்று. நியாயத்தைப் பற்றிய விஷயம்.

கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியாகோ நகரின் பேஸ்பால் வீரர் டோனி க்வின், தம் சொந்தக் குழுவின் கடையிலேயே தாம் இடாத கையொப்பம் தம் பெயரால் விற்கப்படுவதைக் கண்டார். அந்நகரில் எப்.பி.ஐ. என்னும் துப்பறியும் இலாகா ‘புல்பென்’ என்ற பெயரால் இரகசியமாக நடத்திய விசாரணை, 1999 அக்டோபரில் பல இடங்களில் சோதனையாக வெளிப்பட்டது. அகப்பட்ட சரக்கில் அன்னை தெரஸா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது! இவற்றுக்கு அத்தாட்சிப் பத்திரமும் கூடவே உண்டு. கள்ளச் சரக்குக்குக் கள்ளச் சாட்சி.

ஏமாந்தவன் பணத்தைத் திரும்பக் கேட்டால் வியாபாரி கூறும் விடைகள் மூன்று. “நாங்களும் நம்பியே விற்றோம்” என்பது ஒன்று; “கெடு கடந்துவிட்டது” என்பது மற்றொன்று; “எங்கள் நிபுணர் மெய்யென்கிறார்” என்பது மூன்றாவது. கோர்ட்டுக்குச் சென்றாலோ, வழக்குச் செலவு பொருளின் விலையை விழுங்கிவிடும். புட்பால் வீரர் ஈலை மானிங் அணிந்ததாக விற்கப்பட்ட தலைக்கவசங்கள் போலியென்று 2014-ல் நியூ ஜெர்ஸியில் தொடுக்கப்பட்ட வழக்கில், பிரதிவாதிகள் குற்றச்சாட்டை மறுத்தனர். 2018-ல் விசாரணை தொடங்கும் தறுவாயில் வழக்கு ராஜியில் முடிந்தது. மெய்யா, பொய்யா என்ற தீர்ப்பு வரவேயில்லை.

கலிபோர்னியா ஸர்க்கார் 1992-லேயே இதற்கு ஒரு சட்டம் செய்தனர். கையொப்பப் பொருளை விற்கும் வியாபாரி அத்தாட்சிப் பத்திரம் தரவேண்டும். தவறினால், வாங்கினவனுக்கு நேர்ந்த நஷ்டத்தோடு அதன் பதின்மடங்கும் தண்டமாகத் தரவேண்டும். இக்கடுமை யோக்கியரையும் வருத்தும் என்பர். அதிலும் உண்மை உண்டு. 2016-ல் இச்சட்டம் ஏனைய கையொப்பப் பண்டங்களுக்கும் விரிக்கப்பட்டபோது புத்தக வியாபாரிகள் ஆட்சேபித்தனர். 2017-ல் புத்தகங்களுக்கு விலக்குக் கிடைத்தது. குறையைத் திருத்தினார்களேயன்றிச் சட்டத்தைக் கைவிடவில்லை.

நம் நாட்டிலும் 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, விவரித்துச் சொல்லி விற்ற சரக்கு அவ்விவரத்துக்கு ஒத்திருக்கவேண்டுமென்று விதிக்கிறது. ஆகவே பணத்தைத் திருப்பித் தருவது வியாபாரியின் தயவன்று, வாங்கினவனின் பாத்தியதை. ஆயினும் பொய்யென்று ருஜுப்பிக்கும் சுமை ஏமாந்தவன் தலையிலேயே இருக்குமாயின், அப்பாத்தியதை ஏட்டுச் சுரைக்காயே.

அமெரிக்க பேஸ்பால் நிர்வாகிகள் 2001-ல் வேறொரு ஏற்பாடு செய்தனர். வீரர் கையொப்பமிடுவதை விற்பனையில் சம்பந்தமில்லாத சாட்சி நேரில் பார்த்த பின்னரே அப்பொருளுக்கு எண்ணிட்ட முத்திரை ஒட்டப்படுகிறது. நேர்மையான முறை அதுவே. விற்பவனே சாட்சியாகவும் நிற்கும் சந்தையில், மெய்யென்று நிரூபிக்கும் பொறுப்பும் அவனுடையதே. நிரூபிக்க இயலாதவன் பணத்தை எண்ணி வைக்கட்டும்!