தன்னை நொந்துகொள்வது தொண்டாகாது

கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, ரவாங் வட்டாரத் தோட்டங்களில் சங்கப் பணிக்கென்று முன்வந்த தோழர்கள் சிலரை இப்போது கூட்டங்களில் காணமுடிவதில்லை. அவர்கள் விலைபோய்விடவில்லை, பயந்து ஓடவுமில்லை. யாரோ ஒரு தொழிலாளிக்கு உதவ முனைந்தார்கள், முடியாமற் போயிற்று. அன்று முதல், "நம்மால் ஒருவருக்கும் பயனில்லை" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த நோயைப் பற்றித்தான் இன்று எழுத வந்தோம்.

தோட்டத்தில் நாலு எழுத்துத் தெரிந்தவனைத் தேடித்தான் எல்லாரும் வருகிறார்கள். "கிராணி ஐயா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது" என்று கணவரை இழந்த அம்மாள் வருகிறார். "தம்பி, என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்" என்று முப்பது வருஷம் மரம் வெட்டிய பெரியவர் வருகிறார். நாம் மனு எழுதுகிறோம். தோட்ட ஆபீசுக்கும் லேபர் ஆபீசுக்கும் நடக்கிறோம். சில காரியங்கள் கைகூடுகின்றன, சில தோற்கின்றன. அந்த அம்மாளின் சட்டி பானைகள் லாரியில் ஏறும்போது நமக்கு நெஞ்சு வலிக்கிறது. வலிக்கத்தான் வேண்டும். வலிக்காதவன் சங்கத்துக்கு ஆகமாட்டான்.

ஆனால் வருந்துவது வேறு. தன்னைத்தானே கூண்டில் ஏற்றி ஆயுள் தண்டனை விதித்துக்கொள்வது வேறு. "மனச்சாட்சி உள்ளவன் அப்படித்தான் இருப்பான்" என்று சிலர் இதைப் புகழ்கிறார்கள். நாம் இதை அடியோடு மறுக்கிறோம். தோட்டத்தை விற்றது யார்? லயத்தை இடிக்கச் சொன்னது யார்? அவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மனு எழுதிக் கொடுத்தவன் விழித்துக் கிடக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே!

1969, 1970-ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாக அமலாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் இந்நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். காட்டை அழித்து ரப்பர் நட்ட கைகள் அவை! அந்த நாட்களில் பாரம் நிரப்பித் தந்த கிராணிமாரும் கிளைச் செயலாளர்களும் எத்தனையோ பேர். அவர்கள் எழுதிய பாரத்தின் பிழையா அத்தனை பேரையும் அனுப்பியது? சட்டம் அனுப்பியது. ஒரு பேனாவின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றினால், சட்டம் செய்தவர்களைக் கேட்க ஆளில்லாமற் போகும்.

அதற்கும் முன்னே 1941. கிள்ளானில் மூண்ட தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் சிலாங்கூர் எங்கும் பரவியது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தையும் ஒழிக்கக் கேட்டார்கள். கிடைத்தது என்ன? பட்டாளம் வந்தது, ஐந்து தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தோல்வி என்றால் அதுவன்றோ தோல்வி! அதைக் கண்ட தலைமுறை, "எல்லாம் நம்மால் வந்த வினை" என்று முடங்கியிருந்தால், பல சங்கங்கள் இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்திருக்குமா?

"அப்படியானால் தவறே செய்யவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. தவறு எங்கே என்று பாருங்கள். தேதி தப்பியதா, சாட்சி கிடைக்கவில்லையா என்று எழுதி வையுங்கள். கமிட்டியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதோடு அந்தக் கணக்கை முடியுங்கள். ஒவ்வொரு வழக்கையும் இருவர் சேர்ந்து பார்க்கட்டும். ஒருவன் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, தோற்றதும் "காசு வாங்கிவிட்டான்" என்று கடைவாசலில் பேசும் சிலரையும் கேட்கிறோம்: சுமக்க நீங்கள் எத்தனை நாள் வந்தீர்கள்?

இன்னொன்றையும் மறவாதீர்கள். 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். நேற்றுத் தோற்ற வழக்குக்காக நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மாதம் வருந்தினால், இன்று நீக்கப்பட்டவரின் 60 நாளும் ஓடிவிடும். உங்களை நீங்களே தண்டித்தீர்கள். அபராதம் கட்டியவரோ அவர்!

சுவர் இருந்தால்தான் சித்திரம். வழக்கில் தோற்ற தொழிலாளியிடம் நாம் என்ன சொல்கிறோம்? "மனம் விடாதீர்கள் அண்ணே, உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள், சாப்பிட்டுத் தூங்குங்கள், நாளைக்குப் பார்ப்போம்" என்கிறோம். அந்த ஆறுதலுக்கு உங்களுக்கும் உரிமை உண்டு. நீங்களும் ஒரு தொழிலாளிதான்.

தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்! தோற்ற வழக்கின் கட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம். வாசலில் அடுத்தவர் காத்திருக்கிறார்.