களஞ்சியம் வீடாகும்போது



இங்கிலாந்து நாட்டில், ஆக்ஸ்ஃபோர்டு நகர் சார்ந்த மாவட்டத்திலே கிரேட் காக்ஸ்வெல் என்னும் சிற்றூர் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிஸ்டர்சியன் சபைத் துறவியருக்காக எழுப்பப்பட்ட தானியக் களஞ்சியம் ஒன்று அங்கே இன்றும் நிலைத்து நிற்கிறது. நீளம் 152 அடி. வெளியே கற்சுவர்கள், உள்ளே கூரையைத் தாங்கும் ஓக் மரத் தூண்கள். முதன்முறை நுழைபவர் கோவிலுக்குள் வந்துவிட்டோமோ எனத் திகைப்பர். உழவரின் விளைச்சலுக்கு அத்துணை மதிப்பளித்து அதைக் கட்டினர்.

இத்தகைய பழங்களஞ்சியங்கள் அந்நாட்டில் பல. அவை வெறும் சேமிப்பறைகள் அல்ல. இரு முனைகளிலும் கதிர்க்கட்டுகளை அடுக்கி, நடுவே போரடிக்கும் களத்தை அமைத்தனர். அக்களத்தின் இருபுறமும் எதிரெதிராக உயர்ந்த கதவுகள் இருக்கும். பாரவண்டி நேரே உள்ளே வரும். குளிர்காலத்தில் அக்களத்திலேயே கோல்கொண்டு கதிரடிப்பர். இரு கதவுகளையும் திறந்துவிட்டால் ஊடே வீசும் காற்றில் பதர் பறக்கும், மணி தங்கும்.

பின்னர் இயந்திரங்கள் வந்தன. கதிரடிக்கும் பொறியும், அதன்பின் அறுவடையையும் கதிரடிப்பையும் ஒருங்கே செய்யும் பொறியும் களத்தின் தேவையை ஒழித்தன. பயனற்ற கட்டடத்தின் கூரையைப் பழுதுபார்ப்பவர் யார்? ஒழுகும் கூரையின் கீழ் ஓக் மரமும் உளுத்துப்போகும். எனவே பல களஞ்சியங்கள் குடும்பங்கள் வாழும் வீடுகளாக மாறின. வேளாண் கட்டடங்களை வீடுகளாக்கும் விதிகளை இங்கிலாந்து 2014இல் தளர்த்தியது. ஆயினும் வரலாற்றுச் சிறப்புடையதெனப் பட்டியலிடப்பட்ட கட்டடத்தை மாற்றத் தனி இசைவு பெறல் வேண்டும்.

இங்கேதான் சோதனை தொடங்குகிறது. படுக்கையறை, குளியலறை, மேல்தளம் எனக் குடும்பத்தின் தேவைகள் மிகுகின்றன. தடுப்புச்சுவர் ஒவ்வொன்றும் பழைய மரச்சட்டத்தின் ஒரு பகுதியை மறைக்கிறது. கூரையில் திறக்கும் சன்னல் ஒவ்வொன்றும் அதன் நெடிய பரப்பைக் குலைக்கிறது. தேர்ந்த கட்டடக் கலைஞர் வேறு வழி காண்பர். நடுக்களத்தைக் கூரைவரை திறந்தே விட்டு, பெருங்கதவு இருந்த இடத்தில் கண்ணாடி பொருத்துவர். கதிர் அடுக்கிய முனைகளில் அறைகளை அமைப்பர். கூகைக்கும் இடம் ஒதுக்குவர். கூடுகட்டும் கூகையைத் துன்புறுத்துவதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இவ்வழி எளிதன்று. உயர்ந்த கூடத்தைச் சூடாக்கச் செலவு மிகும், அறைகளும் குறையும். கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தைக் காக்க ஓர் அறக்கட்டளை உண்டு. எல்லாக் களஞ்சியங்களுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. அங்கே குடியேறும் குடும்பமே காவலாகிறது. நடுக்களத்தை அடைத்துப் பத்து அறைகள் பெற்றவர் களஞ்சியத்தை இழந்தார். அதைத் திறந்து வைத்து ஐந்து அறைகளில் நிறைவு கண்டவர், எழுநூறு ஆண்டு உழைப்பின் நடுவே தம் பிள்ளைகளை வளர்க்கிறார்.

அன்பர்களே, வீட்டின் விசாலம் அறைகளின் எண்ணிக்கையில் இல்லை. எல்லாரும் கூடும் இடத்தை முதலில் ஒதுக்குங்கள். அறைகளைப் பிறகு எண்ணலாம்.