ஆங்கில தினம் மட்டும் போதுமா?

மன்னார்த் தீவிலுள்ள ஒரு பாடசாலையின் ஆங்கில தின விழாவுக்கு எம்மைத் தலைமை விருந்தினராக அழைத்திருந்தனர். வாயிலிலே தோரணம், மேளம், மாலை, மேடையின் பின்புறத்தே பெரிய எழுத்துக்களில் ஆங்கில வாசகம். எட்டாந் தரத்து மாணவி ஒருத்தி ஏறிவந்து, இந்நாட்டிலே பூக்காத ஏதோவொரு மலரைப் பற்றிய நீண்ட செய்யுளை ஓரிடத்தேனும் தடுமாறாது ஒப்புவித்தாள். உச்சரிப்பிலே குறை காண்பதற்கில்லை. கை எவ்விடத்தில் உயர வேண்டும், கண் எப்பக்கம் நோக்க வேண்டும் என்பன எல்லாம் நன்கு பழக்கப்பட்டிருந்தன. மண்டபம் கையொலியால் அதிர்ந்தது. பரிசை வழங்கும்போது நாம் அவளிடம், "உன் ஊர் எது?" என ஆங்கிலத்திலே கேட்டோம். பிள்ளை திகைத்தாள், ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். அக்கேள்விக்குரிய விடை அவள் மனனஞ் செய்த செய்யுளில் இல்லை.

பிள்ளையிற் குற்றமில்லை. ஆசிரியையிலும் குற்றமில்லை என்பதை விழா முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலே அறிந்துகொண்டோம். ஆறாந் தரம் தொடக்கம் பதினோராந் தரம் வரை அப்பாடசாலைக்கு அவர் ஒருவரே ஆங்கில ஆசிரியை. "ஆங்கிலப் பகுதி" என அழைப்பிதழிலே அச்சிடப்பட்டிருந்த அந்தப் பகுதி முழுவதும் அவரொருவரே! போட்டிக் காலம் வந்ததும் பாடங்கள் நிற்கின்றன. செய்யுள் ஒப்புவித்தல், சொல்வதெழுதல், கையெழுத்து, பேச்சு, நாடகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளைத் தெரிந்து பயிற்ற வேண்டும். பாடசாலையில் வென்றோர் கோட்டத்துக்கும், கோட்டத்தில் வென்றோர் வலயத்துக்கும், வலயத்தில் வென்றோர் மாகாணத்துக்கும் செல்வர். எத்தனை பரிசு கிடைத்தது என்பதே மேலிடத்தார் கேட்கும் கேள்வி. "நாற்பது பிள்ளையில் நாலு பிள்ளையைத்தான் கூட்டிக்கொண்டு ஓடுறன் ஐயா; மிச்சம் முப்பத்தாறும் வகுப்பில சும்மா இருக்குதுகள்" என்றார் அவர். இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை நாம் சாட்சிக் கூண்டிலே அடிக்கடி கேட்டதில்லை.

அவ்விழா நடந்து சில வாரங்களின் பின்னர் அம்மாணவியின் தகப்பனார் எமது அலுவலகத்துக்கு வந்தார். கடற்றொழிலாளி. படகுக்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்தின் குத்தகை ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டிருந்தார். இரண்டு தவணைகள் தவறின. இயந்திரத்தைத் தூக்கிச் சென்றுவிட்டனர். ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். "வாசிக்காமலா கையொப்பம் வைத்தீர்கள்?" என்றோம். "இல்லை ஐயா, பிள்ளை வாசிச்சவள். முழுக்க வாசிச்சவள். நல்லா வாசிச்சவள்" என்றார். அவள் வாசித்திருப்பாள் என்பதில் எமக்கு ஐயமில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் பிழையற்ற உச்சரிப்போடு அந்த வீட்டு விறாந்தையிலிருந்து அவள் வாசித்திருப்பாள். அறிவித்தலின்றிப் பொருளை மீளக் கைப்பற்றலாம் என்ற ஐந்தாம் வாசகத்தையும் வாசித்திருப்பாள். கேட்டிருந்த தகப்பனுக்கும் விளங்கவில்லை. வாசித்த மகளுக்கும் விளங்கவில்லை.

தமிழின் உரிமைக்காக எழுதும் ஏட்டிலே ஆங்கிலத்துக்கு வக்காலத்தா எனச் சிலர் புருவத்தை நெரிக்கலாம். அந்த ஒப்பந்தம் தமிழிலே இருந்திருக்க வேண்டும் என்பதே எமது முதல் வாதம். அதனை நாம் ஒருபோதும் கைவிடோம். ஆனால் இருக்க வேண்டியதற்காகப் போராடும் அதே வேளையில், இருப்பதைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளவும் இயலாது.

ஆங்கிலம் இந்நாட்டிலே ஒரு மொழியாக மட்டும் இருந்ததில்லை; வேலியாக இருந்தது. 1945-ம் ஆண்டு வரை ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் உண்டு. சுயமொழிப் பாடசாலையிற் கட்டணமில்லை. கட்டணம் செலுத்த வல்லவனுடைய பிள்ளை கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் போயிற்று. மற்றவனுடைய பிள்ளை கடலுக்கும் வயலுக்கும் போயிற்று. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி அவ்வேலியின் ஒரு பக்கத்தைப் பிரித்தது. தாய்மொழிவழிக் கல்வி மற்றப் பக்கத்தைப் பிரித்தது. மன்னார்ப் பெருநிலத்துக் குடியானவனின் மகன் தன் மொழியிலே கணிதமும் விஞ்ஞானமும் கற்கும் நிலை அதனால் வந்தது. அதைக் குறைகூறுவோருடன் நமக்கு உறவில்லை.

பின்னர் 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலம் அரசாங்கக் கந்தோர்களினின்று வெளியேறிற்று. கொழும்பின் பெரிய வீடுகளினின்று வெளியேறவில்லை. மேடையிலே தாய்மொழி முழங்கியோர் பலர் தம் பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே வளர்த்தனர். சிங்களத் தலைவர்களை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ள விரும்பவில்லை. தமிழ்த் தலைவர்களிலும் அத்தகையோர் இருந்தனர். நம் முற்றத்துக் குப்பையையும் நாமே கூட்டுதல் வேண்டும்.

தமிழுக்காக உண்மையில் உழைத்தவர்கள் ஆங்கிலத்தை எவ்வாறு கையாண்டனர் என்று பாருங்கள். தனிநாயகம் அடிகளார் 1952-ல் தொடங்கிய 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருள்படும் பெயரையுடைய ஆராய்ச்சி ஏடு ஆங்கிலத்தில் வெளிவந்தது. உலகின் அறிஞருக்குத் தமிழின் பெருமையை அவர்கள் அறிந்த மொழியிலேயே சொன்னார். 1966-ல் கோலாலம்பூரிலே உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டும் வலு அவ்வாறே பிறந்தது. கோடீஸ்வரன் வழக்கை நமது இளைஞர் எத்தனை பேர் அறிவர்? கேகாலைக் கச்சேரியிலே எழுதுவினைஞராகக் கடமையாற்றிய அத்தமிழர், சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்தாமையால் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டு வழக்குத் தொடுத்தார். 1964-ல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967-ல் மேல்முறையீட்டிலே தோற்றார். 1969-ல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அந்தத் தோல்வியை நீக்கி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்னும் வினாவைத் தீர்க்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. 1972-ம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு வந்து அவ்வினாவையே புதைத்துவிட்டது என்பது வேறு கதை. நாம் சொல்ல வந்தது, தமிழின் உரிமைக்காக நடந்த அவ்வழக்கு இலண்டன் வரை ஆங்கிலத்திலேயே வாதிக்கப்பட்டது என்பதாகும்.

இன்று நிலை மாறிவிட்டதா? 1987-ல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்றது. மன்னார் நீதிமன்றங்களிலே வழக்குத் தமிழில் நடைபெறுகிறது, நல்லதே. அதே வழக்கு மேன்முறையீடாகக் கொழும்புக்குச் செல்லுமாயின் ஆங்கிலத்திலேயே வாதிக்கப்படுகிறது. நாம் மேற்கோள் காட்டும் தீர்ப்புத் தொகுதிகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் விதி 2020 டிசம்பரிலே வர்த்தமானியில் வெளிவந்தது. 2023 மார்ச்சிலே பாராளுமன்றம் அதனைப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தது. நிராகரித்தமை சரியே. அவ்விதி நிலைத்திருந்தால் அடம்பனிலிருந்தும் சிலாவத்துறையிலிருந்தும் ஒரு பிள்ளை வழக்கறிஞராகும் வாய்ப்பு அன்றே அற்றுப்போயிருக்கும். எனினும் கதவு மூடப்படாமலிருப்பது வேறு, அக்கதவினூடே நடந்து செல்லக் காலில் வலுவிருப்பது வேறு. தமிழிற் பரீட்சை எழுதிச் சத்தியப்பிரமாணஞ் செய்த இளம் வழக்கறிஞர்கள் மேன்முறையீட்டு மனுவொன்றை வரைய இயலாது மூத்தவர் வாயிலிலே காத்து நிற்பதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

நீதிமன்றத்தை விடுவோம்; காலடி மண்ணுக்கு வருவோம். மன்னார்த் தீவின் மணலிலே இல்மனைற்று முதலிய கனிமங்கள் உள்ளன. அவற்றைத் தேடி ஆய்வு நடத்திய டைட்டானியம் சாண்ட்ஸ் கம்பெனி ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையிலே பதிவு பெற்றது. எந்த இடத்தில் எத்துணை ஆழத்தில் எவ்வளவு கனிமம் என்பதை அது தன் பங்காளருக்கு ஆங்கிலத்தில் அறிவித்து வந்திருக்கிறது. அவ்வறிக்கைகள் இரகசியமானவையல்ல, எவரும் எடுத்து வாசிக்கலாம். பேர்த் நகரத்து முதலீட்டாளன் வாசித்தான். அம்மணலின்மேல் வீடு கட்டியிருப்பவன் வாசிக்கவில்லை. காற்றாலைத் திட்டமும் அத்தகையதே. தென்கரையிலே முப்பது காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி எழுந்தது. அதன் பின்னர் அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தது. 2025 பெப்ரவரியிலே அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலே மன்னார் மக்கள் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இறங்கினர். அவர்கள் குரல் கேட்டது. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் வீதியிலே நின்று "வேண்டாம்" எனக் கூறுவதற்குத் தொண்டை போதும். அறிக்கையின் இத்தனையாம் பக்கத்திலே நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லியிருப்பது பிழை என எழுதிக் கொடுப்பதற்கு வாசிக்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண்ணை வெளியூரிலிருந்து இரவல் பெறும் நிலையிலேயே இன்னும் இருக்கிறோம்.

ஆகவேதான் பாடசாலையின் ஆங்கிலப் பகுதி எமக்கு அலங்காரப் பொருளாகத் தோன்றவில்லை. அரசாங்கம் அதனை அலங்காரமாகவே நடத்துகிறது. சாதாரண தரத்தில் சித்தி பெற்றதாகக் கணிப்பதற்குத் தாய்மொழியும் கணிதமும் கேட்கப்படுகின்றன, ஆங்கிலம் கேட்கப்படுவதில்லை. உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்றொரு தாள் உண்டு. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குரிய கணக்கிற் சேர்வதில்லை. கணக்கிற் சேராத பாடத்தை எந்த மாணவன் இராக்கண் விழித்துப் படிப்பான்? அனுமதி பெற்றுச் சென்றதும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்! தனியார் வகுப்புக்குப் பணமுள்ளவன் முன்னரே ஆயத்தமாயிருப்பான். பிரித்த வேலி இவ்வாறே வேறிடத்தில் மீண்டும் எழுந்திருக்கிறது. இம்முறை அது கட்டண வேலியென்று எவரும் சொல்வதில்லை.

நகரத்துப் புனித சவேரியார் கல்லூரிகளுக்கும், சித்திவிநாயகர் இந்துக் கல்லூரிக்கும், அல்-அஸ்ஹருக்கும் பழைய மாணவர் பலம் உண்டு. ஆசிரியர் குறைந்தாற் கேட்பதற்கு ஆள் உண்டு. முசலியிலும் மடுவிலும் இலுப்பைக்கடவையிலும் உள்ள சிறு பாடசாலைகளுக்கு யார் உளர்? 1990 ஒக்டோபரிலே வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களிலே பிள்ளைகளை வளர்த்து, யுத்தம் முடிந்தபின் மீண்டுவந்த முஸ்லிம் சகோதரரின் கிராமங்களிலே, பாடசாலைக் கட்டடம் எழுந்துவிட்டது. கட்டடத்தைத் திறந்து வைக்க அமைச்சர் வருவார். ஆங்கில ஆசிரியரைத் தர எவரும் வருவதில்லை. வெளியூரிலிருந்து நியமிக்கப்படுகிறவர் முதல் நாளே இடமாற்ற விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகிறார். அவரையும் ஏசிப் பயனில்லை. தங்குவதற்கு விடுதியில்லை, மாலையில் வீடு திரும்ப நேரத்துக்குப் பஸ் இல்லை. அவ்வாறிருக்க, இளம் பெண்ணொருத்தி எத்தனை காலம் நிலைப்பாள்?

வலயக் கல்விப் பணிமனையினரிடமும் மாகாணக் கல்வி அமைச்சிடமும் நாம் கேட்பது பெரிதன்று. தீவுக்கு வெளியேயுள்ள பாடசாலைகளுக்கு ஆசிரியரை அனுப்புவதற்கு முன் ஆசிரியர் விடுதியைக் கட்டுங்கள். ஆங்கில தினப் பரிசுகளை எண்ணுவதை விடுத்து, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் ஒரு கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்ல வல்லவர் என எண்ணுங்கள். பூட்டிய அலுமாரிகளிலே வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஆங்கில நூல்கள் பொலித்தீன் உறை கழற்றாமற் கிடக்கின்றன. பிள்ளை கிழித்துவிடும் என்று அஞ்சுகின்றனர். கிழியட்டும்! வாசித்துக் கிழிந்த நூலுக்கு எவரும் கணக்கு விளக்கங் கேட்கலாகாது என ஒரு சுற்றறிக்கை அனுப்பினாற் போதும். அதற்குப் பணச் செலவுமில்லை.

செய்யுளும் வேண்டும், நாடகமும் வேண்டும். அவற்றை நாம் இகழவில்லை. மேடையேறிய பிள்ளைக்கு அச்சம் தெளிகிறது, அது சிறிய காரியமன்று. ஆனால் மன்னாரிலே ஆங்கில வகுப்புக்குப் பொருளா இல்லை? குத்தகை ஒப்பந்தத்தை ஒருநாட் பாடமாக்கலாம். மருந்துப் போத்தலின் உறையை, வங்கிக் கடிதத்தை, மணல் அறிக்கையின் ஒரு பக்கத்தைப் பாடமாக்கலாம். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழிலே தகப்பனுக்கு விளக்கிச் சொல்லும் போட்டியொன்றை வையுங்கள். தகப்பனையே நடுவராக அமர்த்துங்கள். தமிழும் வளரும்.

தகப்பனாரின் இயந்திரத்தைப் பற்றி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் ஆங்கிலத்திலே வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மகளையும் அழைத்து வருமாறு கூறியுள்ளோம்; அவளே வாசிக்கட்டும், ஒவ்வொரு வரியாகப் பொருளை நாம் சொல்கிறோம். அந்தப் பாடசாலையினர் வரும் ஆண்டும் எம்மை அழைப்பரேல் மகிழ்வோடு செல்வோம். ஆனால் மாலையும் மேளமும் வேண்டா. எட்டாந் தரத்து வகுப்பறையிலே, கடைசி வாங்கில், ஒரு பாடவேளை இருந்து கேட்க இடந் தருவார்களாயிற் போதும்.